சிறுதொழிலும் ஏஐயும்: பட்டறைகளில் கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர் பக்கத்துச் சிறு கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் போட்டுக்கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் டாலி பற்றிப் பேசப் போனால் பத்தே நிமிடத்தில் பேச்சு ஏஐ பக்கம் திரும்பிவிடுகிறது. ஒரே கேள்விக்குப் பத்து இடத்தில் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். பனியன் கம்பெனி, லேத் பட்டறை உதாரணங்கள்தான் அதிகம் வரும். எனக்குப் பழகிய உலகம் அது. பேக்கரி வைத்திருப்பவரும் அச்சகம் நடத்துபவரும் தங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் எட்டுப் பேர்தான் வேலை செய்கிறார்கள். எனக்கு எதற்கு ஏஐ?

அவசரம் ஒன்றும் இல்லை. பக்கத்துக் கம்பெனிக்காரர் போட்டுவிட்டார் என்று நீங்களும் போடவேண்டியதில்லை. ஆனால் நீங்கள் அதைத் தொடாவிட்டாலும் அது உங்களைத் தொட ஆரம்பித்துவிட்டது. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது: சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும்போது சொத்தையும் பழைய டர்ன்ஓவரையும் மட்டும் பார்க்காமல், தொழில்காரரின் டிஜிட்டல் தடயங்களை வைத்து மதிப்பிடும் முறையைப் பொதுத்துறை வங்கிகள் தாங்களே உருவாக்கிக்கொள்ளும். அதாவது ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கி வரவு செலவு, வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் கணினி படித்து மதிப்பெண் போடும்.

முன்பெல்லாம் மேனேஜர் பட்டறைக்கு வருவார். மெஷின் ஓடுகிறதா என்று பார்ப்பார், டீ குடிப்பார், இரண்டு கேள்வி கேட்பார். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்ததால் மூன்று மாதம் ரிட்டர்ன் தாமதமாகிவிட்டது என்று அவரிடம் சொல்ல முடிந்தது. கணினியிடம் சொல்ல வழியில்லை. அடமானம் வைக்கச் சொத்து இல்லாத, ஆனால் கணக்கைச் சுத்தமாக வைத்திருக்கிற இளைஞருக்கு இந்த முறை நல்லது. பாதி வியாபாரத்தை ரொக்கத்தில் நடத்துகிறவருக்குச் சிக்கல். கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு' என்பது காரணம் ஆகாது.

சரி, எங்கே தொடங்குவது?

நீங்கள் தள்ளிப்போடுகிற எழுத்து வேலையில். பெரும்பாலான சிறு கம்பெனிகளில் மெஷின் வேலை நன்றாகவே நடக்கிறது. முதலாளியின் மேஜைதான் குப்பையாக இருக்கிறது.

உதாரணத்துக்கு, சரக்கு வாங்கும் பையர் ஆர்டரைப் பதினான்கு பக்க பிடிஎஃபாக அனுப்புகிறார். எல்லாம் ஆங்கிலம். நாம் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்குத் துணி எத்தனை கிராம்), அளவு, விலை, தேதி நான்கையும் பார்த்துவிட்டு ஓகே சொல்லிவிடுகிறோம். ஒன்பதாம் பக்கத்தில், பெட்டியில் ஸ்டிக்கர் தவறாக ஒட்டினால் இவ்வளவு பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் அது நமக்குத் தெரியவரும். இந்த மாதிரிக் காகிதத்தை ஏஐயிடம் கொடுத்து, 'சுருக்கிச் சொல்' என்று கேட்காதீர்கள். சுருக்கத்தில் அந்த ஒரு வரிதான் முதலில் விழும். 'இதில் எனக்குப் பணம் நஷ்டமாகக்கூடிய நிபந்தனைகள் எவை? ஒவ்வொன்றுக்கும் பக்க எண் சொல்' என்று கேளுங்கள். பக்க எண் இருந்தால் நீங்களே திருப்பிப் பார்க்கலாம். திருப்பிப் பார்க்கவும் வேண்டும்.

இன்னொன்று, பாக்கி கேட்டு எழுதுவது. நம் ஆட்களுக்கு இது வராது. ஒன்று கெஞ்சுவோம், இல்லையென்றால் கத்துவோம். 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. கெடு தாண்டி, நிதியாண்டு முடிந்தும் கொடுக்காமல் வைத்திருக்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டமுடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம் என்று வருமான வரிச் சட்டத்திலும் இப்போது விதி வந்துவிட்டது. இந்த விவரங்களைக் கொடுத்து, 'உறவு கெடாமல், ஆனால் உறுதியாக' ஒரு கடிதம் எழுதச் சொன்னால் ஏஐ அருமையாக எழுதிக் கொடுக்கிறது. சட்ட விவரத்தை நீங்கள் கொடுக்கவேண்டும் என்பதைக் கவனியுங்கள். அதையும் அதனிடமே கேட்டால் சில நேரம் இல்லாத பிரிவு எண்ணைக் கூசாமல் சொல்லும்.

எச்எஸ்என் கோடு (ஜிஎஸ்டிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்), வரி விகிதம் எல்லாம் கேட்கலாமா?

கேட்கலாம், நம்பக்கூடாது. ஆடிட்டரிடம் போவதற்கு முன் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள உதவும். விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அது படித்தது எந்த மாதத்து விகிதம் என்று உங்களுக்குத் தெரியாது. அபராதம் கட்டப்போவது நீங்கள்தான்.

எங்கள் கம்பெனி விவரம் எல்லாம் என் தலையிலும் மேஸ்திரி தலையிலும்தான் இருக்கிறது. அப்படியிருக்க ஏஐ எப்படி உதவும்?

உதவாது. இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் வெளியிலிருந்து வரும் காகிதத்தைப் படிப்பது. உங்கள் தொழிலுக்கென்று உருப்படியாக ஏதாவது செய்யவேண்டும் என்றால், உங்கள் தொழில் முதலில் எழுத்தில் இருக்கவேண்டும்.

எது எழுத்தில் இருக்கவேண்டும்? இந்த நூலில், இந்த ஜிஎஸ்எம்மில், சாயத்துக்குப் பிறகு எவ்வளவு எடை குறைகிறது. எந்த ஜாப் ஒர்க்காரர் சொன்ன தேதிக்குத் தருகிறார், எவர் நான்கு நாள் இழுக்கிறார். போன வருடம் எந்த ஆர்டரில் கொட்டேஷன் போட்ட செலவுக்கும் உண்மைச் செலவுக்கும் இடையில் எவ்வளவு இடித்தது. இதெல்லாம் டிசி (டெலிவரி சலான்) புத்தகத்திலும் பில்லிலும் வாட்ஸ்அப் குரல் பதிவிலும் சிதறிக்கிடக்கிறது. நிட்டிங் மெஷின் சத்தத்தைக் கேட்டே எந்த ஊசி தகராறு செய்கிறது என்று சொல்கிற பிட்டரைப் பார்த்திருக்கிறேன். அவர் ஊருக்குப் போன வாரத்தில் கம்பெனி தடுமாறியதையும் பார்த்திருக்கிறேன்.

எழுதுவது கஷ்டம் என்றால் பேச வையுங்கள். ஒரு பழுது வந்தால், அவர் சரிசெய்த பிறகு இரண்டு நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்யட்டும்: என்ன சத்தம், எங்கே பார்த்தார், என்ன மாற்றினார். அதை ஏஐ எழுத்தாக்கித் தேதிவாரியாக அடுக்கிவிடும். ஆறு மாதத்தில் உங்களுக்கென்று ஒரு கையேடு கிடைக்கும். உங்கள் மெஷினுக்கு, உங்கள் தண்ணீருக்கு, உங்கள் ஆட்களுக்கு எழுதிய கையேடு. பேசியவரின் பெயரை அதில் போடுங்கள், அதற்கென்று தனியாகப் பணமும் கொடுங்கள். முப்பது வருட அனுபவத்தைச் சும்மா வாங்கிக்கொள்வது நியாயமில்லை. சும்மா கேட்டால் பாதியை மறைத்துத்தான் சொல்வார், அதுவும் நியாயம்தான்.

இந்தக் கையேட்டை மனதில் வைத்திருங்கள். பின்னால் வரும் கேள்விகள் பாதி இதைச் சுற்றித்தான்.

தமிழில் பேசினால் அதற்குப் புரிகிறதா?

எழுத்துத் தமிழ் நன்றாகவே புரிகிறது. பேச்சுத் தமிழ் முன்னைவிடப் பரவாயில்லை. நம் பக்கத்துப் பேச்சில் தொழில் வார்த்தையும் கலந்து, பின்னால் மெஷினும் ஓடினால் இன்னும் தடுமாறுகிறது. 'காம்பாக்டிங்' (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) என்பதை என்னென்னவோ எழுதிக் கொடுத்திருக்கிறது. நீங்கள் அடிக்கடி சொல்லும் முப்பது நாற்பது தொழில் வார்த்தைகளைப் பட்டியலாக முதலிலேயே கொடுத்துவிட்டால் தவறு வெகுவாகக் குறைகிறது.

தமிழுக்குச் செலவு கூடுதல் என்று சொல்வது உண்மைதான். ஏஐயின் மூளையாக இருக்கும் இந்த மாடல்கள் எழுத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன; மாடலை நம் மென்பொருளோடு இணைத்து ஓட்டினால் கட்டணமும் துண்டுக் கணக்கில்தான். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, தமிழில் 116 துண்டாக இருந்த ஒரு மாதிரிப் பத்தி 35 துண்டாகக் குறைந்தது என்று ஓபன்ஏஐ நிறுவனமே காட்டியது. அதற்கு முன்பு நாம் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அரசுப் பக்கம் பாஷினி என்ற மொழித்திட்டம் 2022 ஜூலையில் தொடங்கியது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாடலைத் திறந்த முறையில் வெளியிட்டிருக்கிறது; யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். பாஷினியில் பாஷாதான் என்று ஒரு பகுதி உண்டு. பொதுமக்கள் தங்கள் குரலையும் எழுத்தையும் அங்கே கொடுக்கலாம். நம் ஊர்ப் பேச்சு யாரும் கொடுக்காமல் தானாக அதற்குள் போகாது. செய்தி வாசிப்பவரின் தமிழ் மட்டும் போனால், செய்தி வாசிப்பவர் பேசினால் மட்டும் புரிந்துகொள்ளும் கருவியாக அது இருக்கும்.

இலவசமாகவே கிடைக்கிறதே, அது போதாதா?

பழகுவதற்குப் போதும். 2025-இல் மட்டும் எத்தனை இலவசம் வந்தது பாருங்கள்: ஏர்டெல் வாடிக்கையாளருக்குப் பெர்ப்ளெக்ஸிட்டி ஓராண்டு, ஜியோவோடு ஜெமினி பதினெட்டு மாதம், நவம்பரிலிருந்து சாட்ஜிபிடி கோ ஓராண்டு. கடை திறந்த புதிதில் இனிப்பு கொடுப்பது நமக்குத் தெரியாத வியாபாரமா என்ன? பழக்கம் பிடித்த பிறகு விலை வரும். அதோடு தனிநபர் கணக்குகளில் பெரும்பாலும் நீங்கள் தட்டுவதை வைத்தே மாடலைப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு முன்கூட்டியே ஆன் செய்யப்பட்டிருக்கும். அமைப்புகளுக்குள் போய் அதை முதலில் அணைத்துவிடுங்கள். கம்பெனி வேலைக்கென்று வரும்போது தொழில்முறைக் கணக்கு ஒன்றுக்குப் பணம் கட்டுவது நல்லது. அது ஒரு மாதம் தினமும் அரைமணி நேரம் மிச்சப்படுத்தாவிட்டால் நிறுத்திவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பையர் விவரம், டிசைன், தொழிலாளர் ஆதார் இதையெல்லாம் அதில் போடலாமா?

ஆதார், சம்பளப் பட்டியல், மருத்துவ விவரம்: வேண்டவே வேண்டாம். டிசைன்: தொழில்முறைக் கணக்கில், பையரின் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த பிறகு. 2023-இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் கம்பெனி நிரல்களைச் சாட்ஜிபிடியில் போட்டுவிட, அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளையே தன் கணினிகளில் தடைசெய்தது. அத்தனை பெரிய கம்பெனியிலேயே இது நடந்தது. நம் அக்கவுண்டன்ட் பெண் அவசரத்தில் என்ன போடுகிறார் என்று யார் பார்க்கிறார்கள்?

சட்டமும் வந்துவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சட்டத்தில் உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். அந்தத் தொகை நமக்கு வராது என்று சிரிக்கலாம். ஆனால் பெரிய கம்பெனி தன் பொறுப்பை ஒப்பந்தம் வழியாக நம் தலையில் இறக்கும், அது நிச்சயம்.

துணியில் பழுது கண்டுபிடிக்கும் ஏஐ கேமரா வாங்கச் சொல்கிறார்கள். '99 சதவீதம் துல்லியம்' என்கிறார்கள். வாங்கலாமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகப் பணம் போவது இங்கேதான்.

கேமரா எதற்கு நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. வட்ட நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால், யாராவது பார்க்கும் வரை துணி நீளத்துக்கும் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். இரவு ஷிப்டில் அது எத்தனை கிலோ என்று சொல்லத் தேவையில்லை. சாயம் போடாத கிரே துணியிலேயே பிடித்துவிட்டால் நஷ்டம் நூலோடு முடியும். சாயம் போட்டு, காம்பாக்டிங் முடித்து, வெட்டும் மேஜைக்கு வந்த பிறகு தெரிந்தால் அத்தனை செலவும் சேர்ந்து போகும். கோடு தொடங்கிய உடனே மெஷினை நிறுத்துகிற கேமரா காசுக்குத் தகுந்த பொருள்தான்.

ஆனால் அந்த 99-ஐக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். ஆயிரம் பீஸில் பத்துதான் பழுது என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் 'ஓகே' என்று சொல்கிற கருவிக்கும் 99 சதவீதத் துல்லியம் வரும்! அது ஒரு பழுதைக்கூடப் பிடிக்கவில்லை. எனவே விற்பவரிடம் துல்லியம் கேட்காதீர்கள். இரண்டு எண் கேளுங்கள்: உண்மையான நூறு பழுதில் எத்தனை பிடித்தது, 'பழுது' என்று கத்திய நூறு முறையில் எத்தனை முறை உண்மை. இரண்டாவது எண் மோசமாக இருந்தால், வீணாக மெஷின் நின்று நின்று எரிச்சலடைந்து ஒருநாள் ஆபரேட்டர் கேமராவின் மேல் துணியைப் போட்டு மூடிவிடுவார். கதை சொல்லவில்லை, நான் நேரில் பார்த்தது.

அவர்கள் கொண்டுவரும் மாதிரித் துணியில் டெமோ பார்க்காதீர்கள். உங்கள் செக்கிங் பெண்கள் ஏற்கெனவே பார்த்து, பழுது எங்கெங்கே என்று குறித்துவைத்த நான்கு ரோலைக் கொடுங்கள். வெள்ளை ஒன்று, அடர்நிறம் ஒன்று, மெலாஞ்ச் ஒன்று, லைக்ரா கலந்தது ஒன்று. மெலாஞ்சில் நூலே புள்ளி புள்ளியாக இருக்கும். அதில்தான் கருவியின் சாயம் வெளுக்கும். துணித் தரத்துக்கு நான்கு புள்ளி முறை இருப்பது உங்களுக்குத் தெரியும்: மூன்று அங்குலம் வரை பழுதுக்கு ஒரு புள்ளி, ஒன்பதுக்கு மேல் போனால் நான்கு. கருவி போடும் புள்ளியும் உங்கள் செக்கர் போடும் புள்ளியும் எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். சில இடத்தில் கருவி சொன்னதே சரியாக இருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் மனிதக் கண்ணும் சோர்ந்துபோகும்.

வாங்குவது என்று முடிவு செய்தால் ஒப்பந்தத்தில் எதைப் பார்க்கவேண்டும்?

விலையை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். நான் சொல்வது தரவைப் பற்றி. உங்கள் துணியின் படங்கள், உங்கள் ஆட்கள் 'இது பழுது, இது இல்லை' என்று அழுத்திக் கொடுத்த திருத்தங்கள், இவைதான் அந்தக் கருவியைக் கெட்டிக்காரனாக்குகின்றன. ஒரு வருடம் உங்கள் பட்டறையில் கற்றுக்கொண்டு, அதே பாடத்தைப் பக்கத்துத் தெருவில் கூடுதல் விலைக்கு விற்பார்கள். விற்கட்டும், ஆனால் அதற்கு உங்களுக்கு என்ன? ஒன்று விலையில் தள்ளுபடி கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் தரவை வைத்துப் பயிற்றுவிக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

வெளியேறும் வழியையும் நுழையும்போதே பேசிவிடவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் பில்லிங் மென்பொருள்காரர் திடீரென்று ஆண்டுச் சந்தாவை ஏற்றினார். வேண்டாம் என்றதும் ஆறு வருடக் கணக்கையும் பிடிஎஃப் பக்கங்களாகத் தூக்கிக் கொடுத்தார். சட்டப்படி தரவைக் கொடுத்துவிட்டார்தான். அதை மறுபடி ஏற்ற எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. எனவே 'தரவைத் திருப்பித் தருவோம்' என்ற வரி போதாது. எக்செல்லில் திறக்கக்கூடிய வடிவில், எத்தனை நாளுக்குள், கட்டணம் இல்லாமல் என்று இருக்கவேண்டும். இணையம் போனால் மெஷின் ஓடுமா என்றும் கேளுங்கள். பவர்கட்டையே சமாளிக்கிற ஊர் நம்முடையது, இதைக் கேட்க மறந்துவிடக்கூடாது.

ஆட்களை நிறுத்தவேண்டி வருமா?

நம் ஊரில் இப்போதைய கவலை ஆள் கிடைப்பதில்லை என்பதுதான். ஆனாலும் செக்கிங் மேஜையில் பத்துப் பெண்கள் இருந்த இடத்தில் ஐந்து பேர் போதும் என்ற நாள் வரலாம், அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கேமராவுக்குப் பாடம் எடுக்கப்போகிறவர்களும் அவர்களேதான். வாங்குவதற்கு முன்பே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: யாருக்கு என்ன மாற்று வேலை, திருத்தம் சொல்லும் வேலைக்கு எவ்வளவு கூடுதல் கூலி. சொல்லாமல் மாட்டினால் முதல் வாரமே அவர்களுக்குப் புரிந்துவிடும். பிறகு அவர்கள் சொல்லிக்கொடுக்கும் பாடமும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும்.

அரசு உதவி ஏதாவது உண்டா?

முதலில் உத்யம் பதிவு இருக்கிறதா பாருங்கள். இலவசம்தான், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வரையறை மாறியிருக்கிறது: ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வரை, முதலீடு இரண்டரைக் கோடி வரை இருந்தால் குறுந்தொழில், 100 கோடி, 25 கோடி வரை சிறுதொழில்.

இந்தியாஏஐ மிஷன் என்ற திட்டத்துக்கு 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை சுமார் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏஐ மாடல் செய்யத் தேவைப்படும் ஜிபியு சில்லுகளைக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பது அதில் பெரிய பங்கு. 10,000 என்று தொடங்கிய இலக்கு பிறகு 38,000-ஐத் தாண்டியது, வாடகை மணிக்கு 100 ரூபாய்க்கும் கீழே. நல்ல விஷயம்தான், ஆனால் லேத் பட்டறைக்காரர் ஜிபியுவை வாடகைக்கு எடுத்து என்ன செய்வார்? அது மாடல் செய்கிறவருக்கான உதவி. நமக்கு வேறு மாதிரி வேண்டும்: யாராவது வந்து நம் குப்பை மேஜையை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது, கருவியைச் சோதித்துச் சொல்ல ஒரு நடுநிலையான இடம். துணிக்குக் கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் 1956-இலிருந்து இருக்கிறது. நூலுக்கும் துணிக்கும் அங்கே போய்ச் சான்று வாங்குகிற மாதிரி இந்தக் கேமராக்களுக்கும் பொதுச் சோதனை ஒன்று இருந்தால் நூறு கம்பெனிக்காரர் தனித்தனியாக ஏமாறவேண்டாம். சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

நம்மைப் போன்ற ஆட்கள் ஏஐ எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லி, யார் கேட்கப்போகிறார்கள்?

தனி ஆளாகப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் சிறுதொழிலுக்காக விதி வளைந்த உதாரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதில் அபராதம் இவ்வளவு கோடி யூரோ அல்லது விற்றுமுதலில் இத்தனை சதவீதம் என்று இரண்டு அளவு இருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு இரண்டில் எது அதிகமோ அது. சிறு நிறுவனத்துக்கு எது குறைவோ அது. புதிய கருவியை அதிகாரிகளின் மேற்பார்வையில் சோதித்துப் பார்க்கும் இடங்களிலும் சிறு நிறுவனத்துக்கு முன்னுரிமை உண்டு. ஒரு சொல் மாறினால் எத்தனை பேர் பிழைக்கலாம் பாருங்கள்.

இங்கே 2025 ஜனவரியில் ஏஐ ஒழுங்குமுறை பற்றிய வரைவை மத்திய அரசு பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. சென்னை ஐஐடி பேராசிரியர் பலராமன் ரவீந்திரன் தலைமையிலான குழு எழுதிய வழிகாட்டு நெறிகள் அந்த நவம்பரில் வெளிவந்தன. இப்போதைக்குத் தனிச் சட்டம் வேண்டாம், இருக்கும் சட்டங்களே போதும் என்பது அதன் நிலைப்பாடு. அந்தக் கருத்துக்கேட்பு நடந்த மாதங்களில் நான் போன எந்தச் சங்கக் கூட்டத்திலும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மின்கட்டண உயர்வு பற்றி மூன்று மணி நேரம் பேசினோம். மின்கட்டணம் முக்கியம்தான். ஆனால் அடுத்த முறை வரைவு வரும்போது ஒரு பக்கக் கடிதமாவது போகவேண்டும். அதில் தத்துவம் எழுதவேண்டாம். 'கடன் மறுத்தால் காரணம் சொல்லவேண்டும்', 'நாங்கள் கொடுத்த தரவைத் திறக்கக்கூடிய வடிவில் திருப்பித் தரவேண்டும்' என்று இரண்டு வரி, அதோடு நடந்த சம்பவம் ஒன்று. அதிகாரிகளுக்கு உண்மைச் சம்பவம் கிடைப்பதே அபூர்வம்.

கருத்துச் சொல்வதைவிடப் பெரிய ஆயுதம் நம்மிடமே இருக்கிறது, அந்தக் கையேடும் பழுதுப் படங்களும். ஒரு கம்பெனியின் நான்காயிரம் படத்துக்கு மதிப்பு இல்லை. இருநூறு கம்பெனி சேர்ந்தால் அதுபோன்ற தொகுப்பு உலகத்தில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. அப்போது மென்பொருள்காரர் நம்மிடம் வருவார், விலையும் நிபந்தனையும் நாம் சொல்லலாம்.

சேர்ந்து செய்வதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும். போட்டிக் கம்பெனியோடு தரவைப் பகிர்ந்தால் என் ரகசியம் போகாதா?

நியாயமான பயம். இதற்குத் தொழில்நுட்பத்தில் ஒரு வழி இருக்கிறது. அம்மி கொத்த வருகிறவர் அம்மியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, நம் வாசலில் உட்கார்ந்து கொத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அதுபோல மாடல் உங்கள் கணினிக்கு வரும், உங்கள் படங்களில் பயிற்சி எடுக்கும், கற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். படங்கள் உங்களிடமே இருக்கும். கசிவே இருக்காது என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள், ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு. முதலில் ஊசிக்கோடு, ஓட்டை, எண்ணெய்க்கறை மாதிரி எல்லாருக்கும் பொதுவான பழுதுகளோடு தொடங்கலாம். டிசைன், விலை, பையர் பெயர் எதுவும் அதில் சேரவேண்டியதே இல்லை.

சேர்ந்து செய்வது நமக்கு வராது என்று சொல்லாதீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தனித்தனியாகச் சுத்திகரிக்க வசதியில்லாத பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூலம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறித்தான் மீண்டும் திறந்தன. ஒருவருக்கொருவர் ஆர்டரைத் தட்டிப் பறிக்கிறவர்கள்தான் ஒரே குழாயில் கழிவுநீரை விட்டார்கள், யார் எவ்வளவு விட்டார் என்று மீட்டர் வைத்தார்கள், சண்டையும் போட்டார்கள், நடத்தியும் காட்டினார்கள். அப்போது நீதிமன்றம் கழுத்தைப் பிடித்தது. இப்போது யாரும் பிடிக்கவில்லை, அதனால்தான் நகரமாட்டேன் என்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் மகன் வாட்ஸ்அப்பில் ஏஐ பாட் வைக்கலாம் என்கிறான். இரவில்கூட பதில் சொல்லுமாம். வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வாக்குக் கொடுக்கும் உரிமையை அதற்குக் கொடுக்காதீர்கள். ஏர் கனடா விமான நிறுவனத்தின் பாட், உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்கிறவருக்கான சலுகையைப் பிறகுகூட விண்ணப்பித்து வாங்கலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொல்லிவிட்டது. பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சிறிது, ஆனால் பாட் சொன்னால் நீங்கள் சொன்ன மாதிரிதான்.

எனவே கடை நேரம், முகவரி, எந்த அளவு இருக்கிறது, ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது, இதற்கெல்லாம் பாட் பதில் சொல்லட்டும். விலை, தேதி, ரிட்டர்ன் மூன்றும் கேட்டால் 'காலையில் அண்ணன் கூப்பிடுவார்' என்று சொல்லி எண்ணை வாங்கி வைக்கட்டும். அப்புறம் முதல் மாதம் தினமும் காலையில் அது இரவு என்ன பேசியது என்று மகனையே உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் எந்த நேரத்தில் என்ன கேட்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியவரும்.